ஜாஸ் கலைஞர்களிடம் பேட்டி எடுக்கப் போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

டிரம்மர் ஜிம்மி காப் 2020 மே மாதம் தன் 91ஆவது வயதில் இறந்தார். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டில் வாசித்த ஏழு பேரில் கடைசிவரை இருந்தவர் அவர்தான். 1991இல் மைல்ஸும் போன பிறகு, அந்தத் தட்டைப் பற்றி யாருக்கு என்ன கேட்க வேண்டுமென்றாலும் காப் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அந்தப் பதிவு நடந்தது 1959இல் இரண்டே நாள்: மார்ச் 2, ஏப்ரல் 22. அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரியோடு வாசித்தார், எழுபதுகளில் பாடகி சாரா வானின் குழுவில் பல வருஷம் இருந்தார். ஒரு பாடகிக்குப் பின்னால் உட்கார்ந்து, மெதுவான பாட்டில் தாளம் தொய்ந்துவிடாமல் பிரஷ்ஷால் தாங்கிப் பிடிப்பது எப்படி என்று சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஜாஸ் பேட்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் முதல் தவறு இது. உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பவரை, இறந்துபோன ஒருவரைப் பார்க்கும் ஜன்னலாக மட்டும் வைத்துக்கொள்வது. சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸிடம் யார் போனாலும் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தைத்தான் கேட்டார்கள். 1959 முதல் 1961 வரை மேடையை விட்டு விலகி அந்தப் பாலத்தில் நின்று சாதகம் செய்தார் என்பது ஊரறிந்த கதை. இப்படி ஒரு பழைய கதையைப் பற்றிக் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அதையே முதல் கேள்வியாக வைத்தால், நூறு முறை சொல்லித் தேய்ந்த பதில்தான் உங்களுக்கும் கிடைக்கும். "இந்த வாரம் என்ன சாதகம் பண்ணினீர்கள்? யாரோடு வாசிக்கிறீர்கள்?" என்று ஆரம்பித்துப் பாருங்கள். பேச்சு சூடுபிடித்தால் பழைய கதை தானாக வரும், அதுவும் இதுவரை யாரும் கேட்காத பக்கத்திலிருந்து வரும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று போதைக் கதை. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 34 வயதில் இறந்தார், அவரோடு ஹெராயினும் பேசப்படுகிறது. அதனால் அந்தத் தலைமுறை ஆள் யாரைப் பார்த்தாலும் ஊசியைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவர்களாக எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக எடுக்காதீர்கள்.

வீட்டுப்பாடம் செய்யாமல் போவது

தட்டுகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதை வீட்டுப்பாடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். அந்த மனிதர் எந்தச் சட்டத்தின் கீழ், எந்த ஊரில், யாரிடம் கூலி வாங்கி வாசித்தார் என்பதுதான் மீதிப் பாதி.

பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1951 முதல் 1957 வரை நியூயார்க்கின் கிளப்களில் அவர் பெயரே இருக்காது. மனிதர் ஒதுங்கிப் போய்விட்டார், கிறுக்கு என்றெல்லாம் எழுதினார்கள். நடந்தது வேறு. மது விற்கும் இடத்தில் வாசிக்க வேண்டுமென்றால் அந்த நகரத்தில் போலீஸ் தரும் கேபரே அட்டை கையில் இருக்க வேண்டும். 1951இல் போதைப்பொருள் வழக்கு ஒன்றில் மங்கின் அட்டையைப் பறித்துவிட்டார்கள். 1957இல் அது திரும்பக் கிடைத்ததும் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு மாதக்கணக்கில் வாசித்தார். பாடகி பில்லி ஹாலிடேவுக்கும் 1947 போதைப்பொருள் வழக்குக்குப் பிறகு இதே கதிதான். 1967இல்தான் அந்த அட்டை முறையே ஒழிந்தது. இது தெரியாமல் அந்தக் காலத்து ஒருவரிடம் போய் "ஏன் நடுவில் சில வருஷம் காணாமல் போனீர்கள்?" என்று கேட்டால், சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போன காலத்தை ஏதோ அவரே விரும்பி எடுத்த ஓய்வு மாதிரி பேசுகிறோம். அவருக்குக் கோபம் வருவது நியாயம்.

டிரம்மர் ஆர்ட் டெய்லர் எடுத்த பேட்டிகளை இங்கே சொல்லியாக வேண்டும். அறுபதுகளில் ஐரோப்பாவில் குடியிருந்த டெய்லர், 1968 முதல் நான்கைந்து வருஷம் தன் சக கலைஞர்களிடம் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்து பேசினார். மைல்ஸ், மேக்ஸ் ரோச், டிஸி கில்லெஸ்பி, நீனா சிமோன், பெட்டி கார்ட்டர் என்று பெரிய பெரிய ஆட்கள். 1977இல் அதைத் தன் செலவில் புத்தகமாகப் போட்டார். பணம், பயணம், விமர்சகர்கள், நிறவெறி என்று எல்லாம் வருகிறது. பத்திரிகைக்காரர்களிடம் அவர்கள் அப்படி மனம் திறந்ததில்லை. டெய்லரின் கேள்விகள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. கேட்டுவிட்டு விலகி நிற்கிறார், தன் அறிவைக் காட்டுவதில்லை. நாம் டிரம்மர் ஆக முடியாது, சரி. கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள நம்மாலும் முடியும்.

வாத்தியம் இல்லாத அறையில் பேசுவது

என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தவறையும்விடப் பெரியது இதுதான். இசைக்காரரை ஒரு ஹோட்டல் வரவேற்பறை சோபாவில் உட்காரவைத்து, கையில் காபியைக் கொடுத்து, "உங்கள் இசையை விவரியுங்கள்" என்கிறோம். விவரிப்பதற்கு அவருக்கு இருக்கிற முதல் மொழியையே பிடுங்கிவிட்டோம்.

1938 மே மாதம் வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில் ஆலன் லோமாக்ஸ் செய்ததைப் பாருங்கள். நாட்டுப்பாடல் சேகரிக்கிற இளைஞர் அவர், அப்போது அவருக்கு ஜாஸ் மேல் பெரிய மரியாதைகூட இருக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸின் ஜெல்லி ரோல் மார்ட்டனை மேடையிலிருந்த பியானோ முன்னால் உட்காரவைத்துவிட்டு, தட்டில் பதியும் கருவியை ஓடவிட்டார். மார்ட்டன் பேச ஆரம்பித்தார். பேசும்போதே விரல்கள் கீழே மெதுவாக ஸ்வரக்கட்டுகளை உருட்டிக்கொண்டிருக்கின்றன, கால் தரையில் தாளம் போடுகிறது. பதிவைக் கேட்டால் அந்தக் காலடிச் சத்தம் இன்றைக்கும் கேட்கும். ஓரிடத்தில் ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' பாட்டை எடுத்து, முதலில் செயின்ட் லூயிஸ்காரர்கள் வாசிக்கிற மாதிரி வாசித்துக் காட்டுகிறார். அப்புறம் அதே பாட்டைத் தன் ஊர்ப் பாணியில் வாசிக்கிறார். இடது கை எங்கே இளகுகிறது, தாளம் எங்கே சாய்ந்து நடக்கிறது என்பது இசை இலக்கணம் தெரியாதவர் காதுக்கும் பிடிபடும். ராக்டைம் என்ற பழைய பியானோ பாணியிலிருந்து ஜாஸ் எப்படிக் கிளைத்தது என்று பத்துப் பக்கம் எழுதினாலும் இந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாகாது. அந்த வருஷக் கடைசிவரை உட்கார்ந்து எட்டு மணி நேரத்துக்கும் மேல் பதிந்தார்கள். 1941இல் மார்ட்டன் இறந்துவிட்டார்.

பியானோ கலைஞர் மேரியன் மெக்பார்ட்லண்ட் இதையே ஒரு வானொலி நிகழ்ச்சியாக ஆக்கினார். 1979 முதல் முப்பது வருஷத்துக்கும் மேல் அமெரிக்கப் பொது வானொலியில் வந்தது. ஸ்டூடியோவில் இரண்டு பியானோ, ஒன்றில் அவர், மற்றதில் விருந்தாளி. 1978இல் பதிவான பில் எவன்ஸ் பகுதியில், ஒரு பாட்டின் எலும்புக்கூட்டை மனதில் வைத்துக்கொண்டு அதன்மேல் எப்படிக் கட்டுகிறேன் என்று எவன்ஸ் படிப்படியாக வாசித்துக் காட்டுகிறார். பொதுவாகக் கூச்சப்படுகிற மனிதர் அவர். விரல் கட்டைமேல் இருக்கும்வரை பேச்சு தடையில்லாமல் வருகிறது.

உங்களிடம் பியானோ இல்லையா? அவர் வாசித்த பழைய தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, "இந்த இடத்தில் என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். அதுவே போதும்.

ஞாபகத்தை அப்படியே வரலாறாக எழுதுவது

ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் வாழ்நாள் முழுக்கத் தன் பிறந்த நாள் 1900 ஜூலை 4 என்றே சொல்லிவந்தார். அவர் இறந்து பல வருஷம் கழித்து நியூ ஆர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேடு கிடைத்தது. அதில் இருப்பது 1901 ஆகஸ்ட் 4. மார்ட்டனும் 1902இல் ஜாஸைக் கண்டுபிடித்தது தானே என்று சொல்லிக்கொண்டவர்தான். ஞானஸ்நானச் சான்றிதழின்படி 1902இல் அவர் பன்னிரண்டு வயதுப் பையன்.

இதில் இரண்டு பக்கமும் வழுக்கும். ஒரு பக்கம், சொன்னதையெல்லாம் அப்படியே அச்சேற்றுவது. நியூ ஆர்லியன்ஸின் ஆரம்பகால ஜாஸ் கலைஞர் பட்டி போல்டன் முடிதிருத்தும் கடை நடத்தினார், வம்புப் பத்திரிகை ஒன்றும் நடத்தினார் என்று பல வருஷம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். டொனால்ட் மார்க்விஸ் என்ற ஆய்வாளர் நகர முகவரிப் புத்தகங்கள், போலீஸ் பதிவுகள், மருத்துவமனைக் காகிதங்கள் எல்லாவற்றையும் புரட்டி, 1978இல் அந்தக் கதைகளுக்கு ஆதாரமில்லை என்று காட்டினார். மறு பக்கம், எதிரே இருப்பவரை நடுப்பேச்சில் மடக்குவது. "இல்லையே, அந்தப் பதிவு மார்ச்சில்தானே?" என்று எண்பது வயதுக்காரரைத் திருத்தினால், அடுத்த அரை மணி நேரம் அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் பயந்து பயந்து சொல்வார். தேதியை வீட்டுக்கு வந்து சரிபாருங்கள், தேவையானால் அடிக்குறிப்பு போடுங்கள். அந்த அறையில் எப்படி உணர்ந்தார், யார் முகம் சுளித்தார்கள், யார் கடன் கொடுத்தார்கள் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. அதைக் கேட்கத்தான் நாம் போனது.

பேரைப் பார்த்துக் கேள்வி கேட்பது

இது நம் ஆட்களுக்காக. ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். மூன்று வயதிலிருந்து மேற்கத்திய செவ்வியல் வயலின் படித்தார், பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணிதமும் படித்தவர். மங்கிடமிருந்தும் ஆண்ட்ரூ ஹில்லிடமிருந்தும் எடுத்துக்கொண்டு வளர்ந்தவர், ஸ்டீவ் கோல்மனோடு வேலை செய்தவர். இதையெல்லாம் தாண்டி, "உங்கள் இசையில் கர்நாடக சங்கீதம் எங்கே ஒளிந்திருக்கிறது?" என்று மட்டும் கேட்பது அவர் உழைப்பில் பெரும்பகுதியை அழிப்பது. கிட்டார் கலைஞர் பிரசன்னாவோடு அவர் செய்த தட்டு இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். அவர் பேரை வைத்து ஊகித்துக் கேட்கும் கேள்விக்கு மரியாதையான மழுப்பல்தான் கிடைக்கும்.

பெண் கலைஞர்களிடம் "ஆண்கள் உலகில் பெண்ணாக..." என்று ஆரம்பிப்பதும் இதே ரகம். பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் முப்பதுகளில் ஆண்டி கர்க் குழுவுக்கு இசைக்கோவை எழுதியவர். நாற்பதுகளில் அவருடைய ஹார்லெம் வீட்டுக்கு மங்கும் பட் பவலும் வேலை முடிந்து விடிகாலையில் வந்து, பியானோவைச் சுற்றி உட்கார்ந்து புதியவற்றை முயன்று பார்த்தார்கள். அந்த வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் பீபாப் என்ற புது ஜாஸ் பாணி பிறந்த கதையே வந்திருக்கும்.

மேடைக்குப் பின்னால் நிற்பவர்களை விட்டுவிடுவது

கலைஞரிடம் பேசி முடித்ததும் கிளம்பிவிடுகிறோம். ஜாஸைத் தாங்கிப் பிடித்த பாதிப்பேர் மேடை ஏறாதவர்கள். நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு 1935இல் மேக்ஸ் கார்டன் தொடங்கியது. படியிறங்கிப் போகிற அடித்தள அறை, சுமார் 120 பேர் உட்காரலாம். 1989இல் மேக்ஸ் இறந்ததும் அவர் மனைவி லொரெய்ன் கார்டன் ஒரே ஒரு இரவு கிளப்பை மூடினார், பிறகு திறந்து 2018இல் தான் இறக்கும்வரை நடத்தினார். மேக்ஸை மணப்பதற்கு முன்பே, 1948இல், யாரும் சீண்டாத மங்கை அதே கிளப்பில் வாசிக்கவைக்கச் சொல்லி மேக்ஸைச் சம்மதிக்கவைத்தவர் இவர்தான். கூட்டம் வரவில்லை, மேக்ஸுக்கு எரிச்சல். இவருக்கு மங்க்மேல் இருந்த நம்பிக்கை மட்டும் அசையவில்லை. இப்படிப்பட்டவரிடம் "உங்கள் கணவர் எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வருவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

சிகாகோவின் ஃப்ரெட் ஆண்டர்சன் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர். தன் வெல்வெட் லவுஞ்ச் கிளப்பில் பாரையும் பார்த்துக்கொண்டு, வாசலில் காசையும் வாங்கிக்கொண்டு, இளைஞர்களுக்கு மேடை கொடுத்தார். நியூ ஆர்லியன்ஸ் திரும்பிய பாஞ்சோ கலைஞர் டேனி பார்க்கர், 1970 வாக்கில் ஒரு தேவாலயத்துச் சிறுவர்களைச் சேர்த்துப் பித்தளை வாத்தியக் குழு அமைத்தார். அணையவிருந்த ஊர்வல இசை அதனால் பிழைத்தது. நியூஜெர்சியின் எங்கில்வுட் மருத்துவமனையில் 1993இல் டிஸி கில்லெஸ்பி இறந்தார். காசில்லாத கலைஞர்களையும் கவனியுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அங்கே இலவச சிகிச்சை நடக்கிறது. கிளப் நடத்துகிற இப்படிப்பட்டவர்களிடம் கேட்பதற்குக் கணக்குக் கேள்விகள்தான் நல்லது: வாடகை எவ்வளவு, கூட்டம் வராத இரவில் வாசித்தவருக்கு என்ன கொடுத்தீர்கள், பியானோவுக்குச் சுருதி சேர்க்க யார் வருகிறார்?

சில்லறையான விஷயங்கள்

கச்சேரிக்கு முந்தைய அரை மணி நேரத்தில் மைக்கை நீட்டாதீர்கள். சாக்ஸபோன் வாய்முனையில் வைக்கும் நாணல் தகடான ரீடைத் தேடிக்கொண்டும் உதட்டைப் பதமாக்கிக்கொண்டும் இருப்பார்கள். இரண்டு செட்டுக்கு நடுவில் நலம் விசாரிக்கலாம், அதற்குமேல் வேண்டாம். வான்கார்டில் சமையலறைதான் கலைஞர்களின் ஓய்வறை. சாப்பாடு போடுவதை அந்த கிளப் நிறுத்திப் பல காலம் ஆகிறது. அங்கே நுழைய இடம் கிடைத்தால் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருங்கள், ரெக்கார்டரைப் போடுவதற்கு முன் எல்லோரிடமும் கேளுங்கள். காலை ஒன்பது மணிக்கு போன் செய்யாதீர்கள், அவர் படுத்ததே நான்கு மணியாக இருக்கும்.

எழுதும்போது அவர் பேச்சைச் சலவை செய்யாதீர்கள். எழுத்துப்பிழையோடு கொச்சையாக்கியும் காட்டாதீர்கள். கறுப்பினக் கலைஞர்களின் பேச்சை அப்படி எழுதிக் கேலிப்பொருளாக்கிய பழைய கட்டுரைகள் நிறைய உண்டு, அந்த வடு அவர்களுக்கு மறக்காது. வெளியிடுமுன் மேற்கோள்களை ஒருமுறை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒலிக்கோப்புக்கு ஆள் பெயர், தேதி, ஊர், கூட இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகத்தில் 1958 முதல் சேர்த்த பேட்டிகளும், நியூஆர்க்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிறுவனத்தில் இருப்பவையும் இன்றைக்கும் பயன்படுவதற்கு இந்தக் குறிப்புகளும் ஒரு காரணம். ஒரு பிரதியை அவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ அந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். எதற்கு, எங்கே பயன்படுத்தப்போகிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.