எஸ்தோனியத் தபால் நிலையத்தில் நாக்கு இடறும் இடங்கள்

எஸ்தோனியாவின் தலைநகரான தாலினில் வழியில் போகிற ஒருவரை நிறுத்தி "பொஸ்திமயா எங்கே?" என்று கேட்டால் தயங்காமல் கையைக் காட்டுவார். நார்வா சாலையில் முதல் எண். போய் நின்றால் எதிரே வணிக வளாகம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் தாலினில் நடந்தபோது தலைமைத் தபால் நிலையமாகக் கட்டிய கட்டடம் அது. இப்போது கடைகள் வந்துவிட்டன, பெயர் மட்டும் தங்கிவிட்டது. தபால் நிலையம் வேண்டுமென்றால் கேட்க வேண்டிய சொல் பொஸ்த்கொன்தொர். சிறிய ஊர்களில் கடைக்குள்ளேயே ஒரு மூலையில் தபால் வேலை நடக்கும். அதற்குப் பொஸ்திபுன்க்த் என்று பெயர்.

இதே வகைப் பொறி இன்னொன்று: பொஸ்திமேஸ். சொல்லுக்குச் சொல் பார்த்தால் தபால்காரர். ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எஸ்தோனியருக்கு நினைவு வருவது நாளிதழ்தான். 1857ல் யோஹான் வோல்தெமார் யான்ஸென் பெர்னு நகரத்தில் தொடங்கிய பத்திரிகையிலிருந்து வந்த பெயர் அது. கடிதம் கொண்டுவருபவரைக் கிர்யகன்த்ய என்பார்கள், கடிதம் சுமப்பவர்.

இவை சொல் தெரியாததால் வரும் தவறுகள், ஒருமுறை பட்டால் போதும். நான் அதிகம் பேச நினைப்பது வேறு வகையைப் பற்றி. எஸ்தோனியம் கற்கிற நம்மவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடநூல் வழியாகக் கற்கிறோம். மனதில் ஆங்கில வாக்கியத்தை அமைத்து அதை எஸ்தோனியமாக மாற்றுகிறோம். பாதித் தவறு அங்கேதான் பிறக்கிறது. தமிழிலிருந்து நேராகப் போனால் பல இடங்களில் வழி குறுக்கு. சில இடங்களில் தமிழும் காலை வாரும், அதையும் சொல்கிறேன்.

அனுப்பவா, வாங்கவா?

தபால் நிலையத்தில் செய்யக்கூடிய மிக மோசமான உச்சரிப்புத் தவறு ஒரே ஒரு மெய்யெழுத்தில் இருக்கிறது. ஸாத்தா என்றால் அனுப்ப. ஸாதா என்றால் பெற. "ஒரு பொட்டலம் அனுப்ப விரும்புகிறேன்" என்று சொல்ல நினைத்து 'ஸாதா' என்றால், கவுண்டரில் இருப்பவர் உங்கள் அடையாள அட்டையைக் கேட்டுவிட்டுப் பின்னறையில் உங்களுக்கு வந்த பொட்டலத்தைத் தேடப் போய்விடுவார். கையில் வைத்திருக்கிற பெட்டியோடு நீங்கள் விழிக்க வேண்டியதுதான்.

ஆங்கில எழுத்துகளில் பார்த்தால் ஒன்றில் t, மற்றதில் d என்ற மென்மையான எழுத்து. எனவே ஆங்கிலம் தெரிந்தவர் ஒன்றை வல்லொலியாகவும் மற்றதை அதிரும் ஒலியாகவும் சொல்ல முயல்வார். எஸ்தோனியத்தில் உண்மையான வேறுபாடு அதிர்வில் இல்லை, நீளத்திலும் அழுத்தத்திலும் இருக்கிறது. பாதை, பத்தை என்று இரண்டையும் சொல்லிப் பாருங்கள். தனித் த தளர்வாக வருகிறது, இரட்டித்த த்த நின்று இறுகி வருகிறது. அந்தக் காது நமக்குப் பிறவியிலேயே உண்டு. அதைப் பயன்படுத்தினாலே ஸாத்தாவும் ஸாதாவும் பிரிந்துவிடும்.

அப்புறம் உயிரெழுத்தின் நீளம். ஸத என்று குறிலாகச் சொன்னால் நூறு. நெடிலாக ஸாத என்றால் "அனுப்பு" என்ற ஏவல். அதையே இன்னும் நீட்டினால் "பெற". எழுத்தில் பின்னிரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், வாயில்தான் வேறுபாடு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று என்று படித்த நமக்கு இது புது விஷயமே இல்லை. எஸ்தோனிய இலக்கணக்காரர்கள் மூன்று நீளங்கள் என்று வெளிநாட்டவருக்கு விளக்கப் படாத பாடு படுகிறார்கள். உயிரளபெடை என்று ஒரு வார்த்தை சொன்னால் நமக்கு முடிந்தது.

இங்கேயே தமிழ் காலை வாருகிற இடத்தையும் சொல்லிவிடலாம். மெய்யில் முடியும் பல சொற்களை நம்மால் அப்படியே விட முடியாது. பஸ் 'பஸ்ஸு' ஆகும், பேங்க் 'பேங்க்கு' ஆகும். எஸ்தோனியத்தில் தபால் உறைக்கு உம்ப்ரிக் என்று பெயர். (முதல் எழுத்தை உதட்டை உ-வுக்குக் குவித்துக்கொண்டு இ என்று சொல்ல வேண்டும்.) நம் பழக்கத்தில் கடைசியில் ஒரு உ சேர்த்தால் அது வேறு வேற்றுமை ஆகிவிடுகிறது: உம்ப்ரிக்கு, அதாவது 'உறையினுடைய'. நமக்கு அது நான்காம் வேற்றுமைபோல் வேறு ஒலிக்கிறது, வேடிக்கைதான். சொல் மெய்யில் முடிந்தால் அங்கேயே வாயை மூடிக்கொள்ளுங்கள்.

'என்னிடம் இருக்கிறது'

ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ்', 'ஐ நீட்' என்று தொடங்கிப் பழகியவர்கள் எஸ்தோனியத்திலும் அப்படி ஒரு வினைச்சொல்லைத் தேடுவார்கள். 'என்னிடம் இருக்கிறது' என்பதற்கு அங்கே தனி வினை கிடையாது. முல் ஒன் பக்க்: என்னிடம் இருக்கிறது பொட்டலம். முல் ஒன் வய உம்ப்ரிக்கு: எனக்கு உறை தேவை. மினு என்றால் என்னுடைய. அதிலிருந்து வந்ததுதான் முல். 'நான்' என்று தொடங்கவே வேண்டாம். தமிழில் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொன்னால் போதும்.

போகும் இடத்தைச் சொல்வதும் அப்படியே. ஆங்கிலத்தில் இடப்பெயருக்கு முன்னால் ஒரு சிறு சொல் வரும். எஸ்தோனியத்தில் பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டும். இந்தியஸ்ஸெ, இந்தியாவுக்கு. இந்தியஸ், இந்தியாவில். இந்தியஸ்த், இந்தியாவிலிருந்து. நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்குப் பதினான்கு. இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் திராவிட மொழிகளைப் பின்னிஷ் போன்ற மொழிகளின் குடும்பத்தோடு சேர்த்துப் பார்த்தார். அந்த உறவை இன்று மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, வசதி வசதிதான்.

ஆனால் எல்லா நாட்டுக்கும் ஸ்ஸெ ஒட்டினால் தவறு. 'மா' என்று முடியும் நாடுகளுக்கு, அதாவது நிலம் என்ற சொல் பெயரிலேயே இருக்கும் நாடுகளுக்கு, லெ ஒட்டும்: ஜெர்மனிக்கு ஸக்ஸமாலெ. பக்கத்து நாடான பின்லாந்துக்கு வெறும் ஸோமெ போதும். லாத்வியாவுக்கு நடுவிலிருக்கும் மெய் இரட்டித்து லெத்தி ஆகும். இதற்கெல்லாம் விதி தேட வேண்டாம், போகிற நாட்டை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

முழு வாக்கியம் இது: ஸோவிக்ஸின் ஸெல்லெ பக்கி இந்தியஸ்ஸெ ஸாத்தா. விரும்புகிறேன், இந்தப் பொட்டலத்தை, இந்தியாவுக்கு, அனுப்ப. முதல் சொல்லைத் தூக்கிக் கடைசியில் வைத்தால் தமிழ் வரிசையே. 'நான்' என்பதை விட்டுவிட்டதையும் கவனியுங்கள், வினைச்சொல்லின் விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது.

எண்ணோடு பன்மை சேர்ப்பது இன்னொரு ஆங்கில நோய். தபால்தலைக்கு மர்க் என்று பெயர். ஐந்து வேண்டுமென்றால் வீஸ் மர்க்கி. அது பன்மை இல்லை, ஒருமையின் ஒரு வேற்றுமை வடிவம். நாமும் கடையில் "அஞ்சு கவர் குடுங்க" என்றுதானே கேட்கிறோம், கவர்கள் என்றா கேட்கிறோம்? கக்ஸ் உம்ப்ரிக்கு, இரண்டு உறை. கொல்ம் எவ்ரொத், மூன்று யூரோ. 2011 முதல் அங்கே யூரோதான்.

மரியாதை

ஸ என்றால் நீ, தெ என்றால் நீங்கள். தபால் நிலைய ஊழியரிடம் தெ. இதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் வழியாக வந்து இந்த வேறுபாட்டை மறந்தவர்களுக்கு மட்டும் நினைவூட்டல்.

அதைவிட அதிகம் நடக்கும் தவறு 'ம தஹன்' என்று தொடங்குவது. எனக்கு வேணும் என்று பொருள். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் குழந்தை அடம் பிடிப்பதுபோல் இருக்கும். மேலே சொன்ன ஸோவிக்ஸினில் நடுவே இருக்கும் க்ஸி-தான் மரியாதையைக் கொண்டுவருகிறது. சுருக்கமாக முடிக்க வேண்டுமென்றால் "தெரெ! பலுன் வீஸ் மர்க்கி" போதும். தெரெ என்றால் வணக்கம். பலுன் என்பது தயவுசெய்து, இந்தாருங்கள், பரவாயில்லை என்று மூன்று வேலையும் பார்க்கும். ஊழியர் எதையோ நீட்டிக்கொண்டு பலுன் என்றால் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை, "பிடியுங்கள்" என்கிறார்.

"எப்படி இருக்கிறீர்கள்" என்று ஊழியரை விசாரிக்க வேண்டாம். அங்கே அது வெறும் சடங்குச் சொல் அல்ல, உண்மையாகவே கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கதவில் எழுதியிருப்பது

திறந்திருக்கும் நேரப் பலகையில் கிழமைகள் ஒற்றை எழுத்தாக இருக்கும். டி என்றால் செவ்வாய், ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள். கே புதன், என் வியாழன், ஆர் வெள்ளி, எல் சனி, பி ஞாயிறு. எஸ்மஸ்பேவ் என்கிற திங்கள் முதல் நாள், வியாழனான நெல்யபேவ் நான்காம் நாள் என்று எண்ணிக்கொண்டே போகிற பெயர்கள். வெள்ளிக்கு எண் இல்லை, ரேதெ. ஞாயிறு மட்டும் புனித நாள், புஹபேவ்.

நேரத்தை வாயால் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். போல் கூஸ் என்பதில் கூஸ் ஆறு, போல் அரை. நம் 'ஆறரை' என்று எடுத்துக்கொண்டு போனால் பூட்டிய கதவுதான். அவர்களுக்கு அது ஆறை நோக்கிப் பாதி வழி வந்த நேரம், ஐந்தரை. வேரன்த் கொல்ம் என்பதும் மூன்றேகால் இல்லை, இரண்டேகால். இந்த ஓரிடத்தில் தமிழிலிருந்து நேராகப் போகவே கூடாது.

முகவரி, சுங்கம்

வீட்டு எண் 5-12 என்று இருந்தால் ஐந்து முதல் பன்னிரண்டு வரை என்று பொருள் இல்லை. ஐந்தாம் எண் கட்டடம், பன்னிரண்டாம் வீடு. அந்தச் சிறு கோட்டை விட்டுவிட்டு எழுதினால் கடிதம் 512-ஐத் தேடி அலையும். ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டு எண் ஊர்ப் பெயருக்கு முன்னால் வர வேண்டும், நம் ஊர்ப் பழக்கத்தில் பின்னால் எழுதிவிடாதீர்கள். படிவத்தில் ஸாத்ய அனுப்புநர், ஸாய பெறுநர். மறுபடியும் அதே ஸாத்தா, ஸாதா விவகாரம்தான். அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டால் பொட்டலம் உங்கள் வீட்டுக்கே வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பினால் சுங்கப் படிவம் உண்டு. சுங்கத்துக்கு அவர்கள் சொல் தொல்ல். தமிழ்க் காதுக்குப் பொருத்தமான பெயர். "மிஸ் பக்கிஸ் ஒன்?" என்று கேட்பார்கள், பொட்டலத்தில் என்ன. ராமதுத் என்றால் புத்தகங்கள், ரீதெத் துணிகள், வுர்த்ஸித் மசாலாப் பொருள்கள். பரிசுப்பொருள் என்றால் கிங்கிதுஸ் என்று முழுதாகச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்திக் கிங்க் என்றால் அது ஒற்றைச் செருப்பு.

வந்த பொட்டலத்தை வாங்க கவுண்டருக்குப் போகும் முன் கைபேசிக் குறுஞ்செய்தியைப் படித்துவிடுங்கள். பெரும்பாலும் அது பக்கிஅவ்தொமாத் என்கிற பெட்டி இயந்திரத்தில், பல்பொருள் அங்காடி வாசலில், காத்திருக்கும். செய்தியில் வந்த குறியீட்டை அழுத்தினால் கதவு திறக்கும், யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எஸ்தோனியர்களுக்கு அது மிகவும் பிடித்ததில் வியப்பில்லை. கவுண்டரிலேயே வாங்க வேண்டியிருந்தால் "துலின் பக்கிலெ யெரெலெ", பொட்டலத்துக்காக வந்தேன்.

பணம் கட்டும்போது "கஸ் கார்திக ஸாப் மக்ஸ்த?", அட்டையில் கட்ட முடியுமா? பதில் ஆம் என்று வராது, "ஸாப்" என்று வரும். முடியுமா, முடியும். நாமும் அப்படித்தான். கடைசியில் "கஸ் ஸே ஒன் குயிக்?" என்பார். ஆங்கிலக் குயிக் என்று நினைத்துப் பரபரக்க வேண்டாம், "அவ்வளவுதானா?" என்கிறார். அதில் வரும் உ, 'பாக்கு' என்பதன் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரத்துக்கு நெருக்கமானது. வெளிநாட்டவர் பலர் தடுமாறும் ஒலி, உங்களுக்கு வரும். "யாஹ், ஐத்தேஹ்" என்று சொல்லிக் கிளம்பலாம். எஸ்தோனியச் சொற்களில் பொதுவாக முதல் அசைக்குத்தான் அழுத்தம், நன்றி சொல்லும் இந்த ஐத்தேஹுக்கு இரண்டாவதில்.