வயதான செல்லில் ஓடிசியும் பாலிஅமைனும் அளப்பது எப்படி

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கோ ஆராய்ச்சிப் படிப்பின் முதல் ஆண்டிலோ "செல் முதிர்ச்சியும் பாலிஅமைனும்" என்று தலைப்பு வாங்கியவர்கள் பலர் நேராக எச்பிஎல்சி (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும்) கருவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அளப்பது பெரிய வித்தை இல்லை, கை பழகிவிடும். கிடைத்த எண்ணை எதால் வகுக்கிறோம், வயதான செல்லை எந்தச் செல்லோடு ஒப்பிடுகிறோம் என்ற இரண்டில்தான் முடிவே தலைகீழாகும், அதனால் அதை மனதில் வைத்துக்கொண்டே ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

பாலிஅமைன்களான புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் மூன்றும் நேர்மின்சுமை கொண்ட சின்ன மூலக்கூறுகள். ஆர்என்ஏவோடும் டிஎன்ஏவோடும் ஒட்டிக்கொண்டிருக்கும், செல் பிரிய இவை வேண்டும். ஆர்னித்தின் என்ற அமினோ அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி புட்ரெசினை உண்டாக்கும் நொதிதான் ஆர்னித்தின் டிகார்பாக்சிலேஸ், சுருக்கமாக ஓடிசி. பாலூட்டிச் செல்லில் இதன் அரை ஆயுள் வெறும் 10 முதல் 30 நிமிடம். பாலிஅமைன் கூடினால் ஆன்டிசைம் என்ற புரதம் உருவாகி ஓடிசியைப் பிடித்து, புரதத்தை உடைக்கும் புரோட்டியசோமிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடும், அதுவும் வழக்கமான யுபிகுவிட்டின் என்ற அடையாளக் குறி இல்லாமலே. ஆகவே எம்ஆர்என்ஏவை மட்டும் அளந்துவிட்டு "ஓடிசி குறைந்தது" என்று எழுதாதீர்கள். நொதியின் செயல்பாட்டையே அளக்க வேண்டும்.

முதலில் செல். ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் 1961இல் மனித ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) சுமார் 50 முறை இரட்டித்ததும் நின்றுவிடுகிறது, அதாவது முதிர்ந்துவிடுகிறது என்று காட்டியதிலிருந்து இந்த வேலைக்கு நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்ட்தான் வழக்கம்: டபிள்யூஐ-38 அல்லது ஐஎம்ஆர்-90. ஹீலா மாதிரிப் புற்றுநோய்ச் செல் இதற்கு உதவாது, அது நிற்கவே நிற்காது. பாசேஜ் எண்ணை (எத்தனை முறை தட்டு மாற்றினோம் என்பதை) நம்ப வேண்டாம், இரட்டிப்பு எண்ணைக் கணக்கு வையுங்கள். அறுவடை செய்த எண்ணிக்கையை விதைத்த எண்ணிக்கையால் வகுத்து, அதன் லாக் 10 மதிப்பை 3.32ஆல் பெருக்கினால் அந்தச் சுற்றின் இரட்டிப்பு வரும், 2.5 லட்சம் விதைத்து 10 லட்சம் கிடைத்தால் 2. வயதான செல்கள் எல்லாமே தட்டில் ஒட்டாது, எனவே மறுநாள் ஒட்டியிருப்பதை எண்ணி அதை "விதைத்தது" என்று எடுத்துக்கொள்வது நேர்மையான கணக்கு. 30 இரட்டிப்புக்குக் கீழே இருப்பதை இளம் செல்லாகவும், 50 தாண்டி வளர்ச்சி தேங்கியதை முதிர்ந்ததாகவும் வைக்கலாம். இன்குபேட்டரில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதையும் எழுதி வையுங்கள். குறைந்த ஆக்சிஜனில் இவை கூடுதல் சுற்று ஓடும்.

இன்னொன்று, மைக்கோபிளாஸ்மா என்ற சின்னஞ்சிறு பாக்டீரியாவுக்கான சோதனை. எல்லா செல் வேலைக்கும் இது வேண்டியதுதான், ஆனால் இங்கே தனிக் காரணம் இருக்கிறது. வளர்ப்பில் அடிக்கடி புகுந்துவிடும் சில மைக்கோபிளாஸ்மா இனங்கள் அர்ஜினினை உடைத்து ஆர்னித்தினும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாக்கும். நீங்கள் அளக்கப் போவதே ஆர்னித்தினிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு. அப்புறம் எந்த எண்ணை நம்புவது?

முதிர்ச்சியைப் பார்க்க, முதிர்ந்த செல்லை நீலமாகக் காட்டும் பீட்டா கேலக்டோசிடேஸ் சாயச் சோதனை (1995இல் வந்தது) வழக்கம், ஆனால் அது மட்டுமே போதாது. பி.எச். சரியாக 6.0 இருக்க வேண்டும். 37 டிகிரியில், ஆனால் கார்பன் டை ஆக்சைடு இல்லாத பெட்டியில் இரவு முழுக்க வையுங்கள், வாயு பட்டால் பி.எச். இறங்கி இளம் செல்லும் நீலமாகிவிடும். தட்டு நிரம்பி நெருக்கிக்கொண்டிருக்கும் இளம் செல்களும் நீலம் காட்டும், எனவே நெரிசலான தட்டைச் சோதிக்காதீர்கள்.

ஓடிசியை எப்போது அளப்பது? ஓய்வில் இருக்கும் செல்லில் இளசும் முதிர்ந்ததும் இரண்டுமே குறைவாகத்தான் காட்டும், வித்தியாசமே இல்லையோ என்று தோன்றும். வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் ரத்தச் சீரத்தைக் குறைத்து ஓரிரு நாள் பட்டினி போட்டு, புது சீரம் கொடுத்து, 0, 2, 4, 6, 8, 12, 24 மணி என்று எடுத்துப் பாருங்கள். இளம் செல்லில் செயல்பாடு எகிறும், முதிர்ந்ததில் அந்த எழுச்சி மங்கிவிடும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் குவாங் யூ சென் குழு 1980களில் ஐஎம்ஆர்-90 செல்லில் துருவியது இதைத்தான். ஒரே ஒரு நேரப்புள்ளி எடுத்தால் உச்சம் தள்ளிப்போனதா, குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அறுவடையில் ட்ரிப்சின் (செல்லைத் தட்டிலிருந்து விடுவிக்கும் நொதி) வேண்டாம். 37 டிகிரியில் அது வேலை செய்து முடிப்பதற்குள் அரை ஆயுள் 10 நிமிடமுள்ள நொதி என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். தட்டைப் பனிக்கட்டி மேல் வைத்து, குளிர்ந்த உப்புக்கரைசலில் கழுவி, ரப்பர் சுரண்டியால் வழித்தெடுங்கள்; செல் எண்ணிக்கைக்கு அதே நாள் விதைத்த தனித்தட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடியும் நொதிக்குத் துணையான பைரிடாக்சல் பாஸ்பேட்டும் சேர்த்த டிரிஸ் பஃபரில் மூன்று முறை உறையவைத்து உருக்கி, சுழற்றி, மேல்நீரை எடுத்து, முதல் கார்பனில் கார்பன்-14 குறியிட்ட ஆர்னித்தினோடு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் மூடிய குப்பியில் விடுங்கள். அமிலம் செலுத்தி நிறுத்தினால் வெளிவரும் வாயுவை, காரத்தில் நனைத்த வடிதாள் துண்டு பிடித்துக்கொள்ளும். கதிரியக்கத்துக்கு உரிமம் உள்ள லேபில் மட்டுமே இதைச் செய்ய முடியும். இல்லாவிட்டால் உருவான புட்ரெசினை எச்பிஎல்சியில் அளக்கலாம். எப்படிச் செய்தாலும், ஓடிசியைத் தடுக்கும் டிஎஃப்எம்ஓ சேர்த்த குப்பி ஒன்று கட்டாயம். ஆர்னித்தினிலிருந்து வேறு வழியிலும் கார்பன் டை ஆக்சைடு வரும், டிஎஃப்எம்ஓ தடுத்த பங்கு மட்டுமே ஓடிசி.

பாலிஅமைனுக்கு 0.2 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் பிரித்தெடுத்து, தொடக்கத்திலேயே 1,7-டைஅமினோஹெப்டேனை உள்தரமாகப் (வழியில் ஆகும் இழப்பைக் கணக்கிட, தெரிந்த அளவில்) போட்டு, சோடியம் கார்பனேட்டும் ஒளிரும் குறியான டான்சைல் குளோரைடும் சேர்த்து இரவு முழுக்க இருட்டில் வையுங்கள். மிஞ்சிய டான்சைலைப் புரோலின் தின்றுவிடும்; பிறகு டொலுவீனில் பிரித்து, உலர்த்தி, எச்பிஎல்சியின் சி18 பிரிப்புக் குழலில் ஓட்டி, 340 நானோமீட்டரில் தூண்டி 515இல் பாருங்கள். புட்ரெசின் முதலில், உள்தரம் அடுத்து, ஸ்பெர்மிடின், கடைசியில் ஸ்பெர்மின். கண்ணாடியில் ஸ்பெர்மின் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பாலிபுரொப்பிலீன் குழாய்தான் நல்லது. பாலிஸ்டைரீனில் டொலுவீன் ஊற்றினால் குழாயே கரைந்து போகும்.

சரி, இப்போது வகுத்தல். முதிர்ந்த செல் பெரிதாகிப் பரந்து கிடக்கும், புரதமும் கூடும். இளம் செல் 10 லட்சத்தில் 200 மைக்ரோகிராம் புரதம், முதிர்ந்ததில் 400 என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். ஸ்பெர்மின் ஒரு செல்லுக்கு மாறவே இல்லை என்றாலும் புரதத்தால் வகுத்தால் பாதியாகிவிடும்! "வயதானால் ஸ்பெர்மின் பாதியாகிறது" என்று தலைப்புப் போட்டுவிடலாம், பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. டிஎன்ஏவால் வகுத்தால் தப்பிக்கலாமா என்றால் அதுவும் முழு விடை இல்லை, முதிர்ந்த தட்டில் இரு மடங்கு டிஎன்ஏ கொண்ட செல்களும் பல உட்கருக்கள் கொண்டவையும் நிறைய. ஒரு செல்லுக்கு எவ்வளவு, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், இரண்டும் ஒரே திசையில் போனால் மட்டுமே "குறைந்தது" என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்.

ஒப்பீட்டுச் செல்லும் அப்படித்தான். வேகமாகப் பிரியும் இளம் செல்லோடு பிரியாத முதிர்ந்த செல்லை வைத்தால் நீங்கள் பார்ப்பது வயதையா, வெறும் பிரியாமையையா? தட்டு நிரம்பியோ சீரம் இல்லாமலோ ஓய்ந்து நிற்கும் இளம் செல் மூன்றாவது குழுவாக இருந்தே ஆக வேண்டும். என் கண்ணுக்கு, இந்தக் குழு இல்லாத வரைபடத்தில் பாதிக் கதைதான் இருக்கிறது.

கடைசிக் கட்டமாக முதிர்ந்த செல்லுக்கு ஸ்பெர்மிடின் ஊட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கன்றுக்குட்டிச் சீரத்தில் இருக்கும் அமைன் ஆக்சிடேஸ் அதை ஆக்சிஜனேற்றி ஹைட்ரஜன் பெராக்சைடும் அக்ரோலீனும் ஆக்கிவிடும், செல் செத்தால் குற்றம் ஸ்பெர்மிடினுடையது அல்ல. 1 மில்லிமோலார் அமினோகுவானிடின் சேர்த்தால் அந்த நொதி அடங்கும், ஆனால் அமினோகுவானிடினுக்கே வேறு வேலைகளும் உண்டு, எனவே அதை மட்டும் சேர்த்த தட்டு ஒன்று தனியாக ஓட வேண்டும்.