மாற்றம் வந்தால் முதலில் எழுத வேண்டியது

வேலையிலோ வீட்டிலோ சபையிலோ பெரிய மாற்றம் வந்தால், எதை இழக்கிறோம் என்று முதலில் எழுதிப் பாருங்கள். பழைய குழு, பழகிய நேரம், கையிலிருந்த பொறுப்பு, எதுவானாலும் சரி. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் அழுதது எகிப்தில் சாப்பிட்ட மீனையும் வெள்ளரிக்காயையும் நினைத்துத்தான் (பைபிளில் எண்ணாகமம் 11:5). எகிப்தில் அடிமையாக இருந்தது மறந்தே போயிற்று! அந்த அழுகைக்குக் கர்த்தர் கோபப்பட்டார், உண்மைதான். ஆனால் நம்மிடையே எழும் முணுமுணுப்பில் பெரும்பகுதி துக்கம் என்றே நினைக்கிறேன். உடனே ‘அவிசுவாசம்’ என்று முத்திரை குத்த வேண்டாம்.

அப்புறம், தலைமையில் இருப்பவருக்கு: அதே அதிகாரத்தில் இஸ்ரவேலரை வழிநடத்திய மோசே ‘என்னால் தனியாகச் சுமக்க முடியாது’ என்று முறையிட்டதும் பாரத்தைப் பங்கிட 70 மூப்பர்கள் சேர்க்கப்பட்டார்கள். யார் எதைச் சுமப்பது என்று இந்த வாரமே பேசிவிடுங்கள்.