ஆதார் நகலை நீட்டும் முன்: எண்ணை மறைக்கலாம், கைரேகையைப் பூட்டலாம்

சென்ற மாதம் அம்மாவின் ஆதாரை அச்செடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கணினியில் கோப்பைத் தேடியபோது, முன்பின் தெரியாத பலருடைய ஆதார்கள் திரையில் வரிசையாக விரிந்தன. முகம், வீட்டு முகவரி, 12 இலக்க எண் என எல்லாமே இருந்தன. அச்செடுத்த பிறகு அழித்துவிட வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அன்றிரவே அம்மாவின் ஆதாருக்கு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஆதாரில் பதிந்த செல்போன் கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். கிராமங்களில் கையடக்கக் கருவியோடு வரும் வங்கி முகவரிடம் பணம் எடுக்க வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை ஆகிய மூன்றும் போதும். கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். முதியவர்களுக்கு இது பெரிய வசதிதான். ஆனால் பத்திரங்களில் பதிந்த கைரேகையைப் படியெடுத்துப் போலி ரேகை செய்து இதே வழியில் பணத்தைச் சுருட்டியிருக்கிறார்கள். எண் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும், ரேகை பத்திர நகலில் கிடைக்கும். இரண்டும் ஒரே ஆளின் கையில் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

படி 1: மறைத்த ஆதாரைப் பதிவிறக்குங்கள்

ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்துக்குச் செல்லுங்கள். தள முகவரி ‘யுஐடிஏஐ.கவ்.இன்’ என்று முடிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஆதார் எண்ணையும் செல்போனுக்கு வரும் ஓடிபியையும் கொடுத்து உள்ளே போனால் பதிவிறக்கும் பகுதி இருக்கும். அங்கே ‘மாஸ்க்டு ஆதார் வேண்டுமா’ என்று கேட்கும் சிறு கட்டத்தில் குறியிடுங்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான். குறியிட்டால் முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும்.

கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த ஆண்டைச் சேருங்கள். கயல்விழி, 1958 என்றால் கே, ஏ, ஒய், ஏ, 1958. நம் ஊரில் பெயருக்கு முன் இன்ஷியல் போடுவதால் குழம்பிவிடுவோம். ஆதாரில் ‘பி.குமார்’ என்று இருந்தால் அந்தப் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்காகும்: பி, புள்ளி, கே, யு.

விடுதியில் அறை எடுக்கும்போது இந்த நகலையே கொடுங்கள். ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆதார் இணைப்பைக் கட்டாயமாக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்றே தீர்ப்பளித்துவிட்டது. ‘ஆதார்தான் வேண்டும்’ என்று கவுன்ட்டரில் அதட்டினால், வேறு அடையாள அட்டை ஏற்பீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

நகலின் மேல் எதற்காக, யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று படத்தின் மீது படும்படி எழுதிக் கையெழுத்திடுங்கள். வெளியில் அச்செடுத்தால், கடைக் கணினியில் உள்ள கோப்பை உங்கள் கண் முன்னே அழித்து, அதன் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள்.

படி 2: கைரேகையைப் பூட்டுங்கள்

அதே தளத்தில் பயோமெட்ரிக் பூட்டும் வசதி இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஆதார் எண்ணையே பூட்டும் வசதியும் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எண்ணைப் பூட்டினால், திறப்பதற்கு விஐடி (ஆதார் எண்ணுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் 16 இலக்க மாற்று எண்) வேண்டும். தொடக்கத்தில் பயோமெட்ரிக் பூட்டு மட்டும் போதும். பூட்டியபின் கைரேகை, கருவிழி, முகம் எதையும் கருவி ஏற்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் தேதிகளில் அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்று விரல் வைத்தார். கருவி 330 என்ற பிழை எண்ணைக் காட்டியது. பூட்டியிருக்கிறது என்பதே அதன் பொருள். கடை ஊழியர் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்ல, அம்மா பதறிப்போய் என்னை அழைத்தார். தளத்தில் தற்காலிகமாகத் திறந்தேன். 10 நிமிடத்தில் அது தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும். ஆகவே வரிசையில் முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திறந்தால் சரியாக இருக்கும். செல்போன் வேறு ஊரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குடும்ப அட்டையில் பெயருள்ள இன்னொருவர் விரல் வைக்கலாம் என்றால் முதியவரின் பூட்டைத் திறக்கவே தேவையில்லை.

படி 3: வரலாற்றைப் பாருங்கள்

உங்கள் ஆதார் எப்போது, எந்த வகையில் சரிபார்க்கப்பட்டது என்று கடந்த ஆறு மாதப் பதிவுகளை அதே தளம் காட்டும். மாதம் ஒருமுறை பாருங்கள். நீங்கள் விரல் வைக்காத நாளில் கைரேகைப் பதிவு இருந்தால் ஆதார் ஆணையத்தின் உதவி எண் 1947-ஐ அழையுங்கள். கணக்கில் பணமே குறைந்திருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930, அடுத்து உங்கள் வங்கி. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.