சாவி கொடுக்கும் வாட்ச் பல வருடம் ஓட என்ன செய்யணும்?

என் கையில் இருப்பது எச்எம்டி ஜனதா. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து வாட்ச் செய்யத் தொடங்கிய எச்எம்டியின் 17 கல் வாட்ச். கல் என்றால், உள்ளே சக்கர முனைகளைத் தாங்கும் குட்டிக் கற்கள். விநாடிக்கு 5 முறை துடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000. வருடத்துக்கு 15 கோடிக்கும் மேல். இவ்வளவு துடித்தும் தாங்குகிறதென்றால் அந்தக் கற்களும் துளியூண்டு எண்ணெயும்தான் காரணம். கல் லேசில் தேயாது. எண்ணெய் காய்ந்துவிடும்.

படி 1: சாவி

தினமும் காலையில் ஒரே நேரத்தில், கழற்றி வைத்துச் சாவி கொடுங்கள். கையில் கட்டியபடி திருகினால் சாவித்தண்டு ஒருபக்கமாக அழுந்தும். இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

படி 2: வியர்வை

நம் ஊர் வெயிலில் இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஒருமுறை பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபோது என் வாட்ச் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால், பட்டையைத் தாங்கும் பின் துருவேறி, நடுவில் நூலாக இளைத்து ஒடிந்திருந்தது. அன்றிலிருந்து பட்டை மாற்றும்போதெல்லாம் இரண்டு பின்னையும் சேர்த்தே மாற்றுகிறேன். மாலையில் உலர்ந்த பருத்தித் துணியால் பின்மூடியையும் சாவியைச் சுற்றியும் துடையுங்கள். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள். வெயிலில் காயவைத்துப் பார்க்க வேண்டாம்.

படி 3: காந்தம்

திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் வேகமாக ஓடுகிறதா? ஸ்பீக்கர், பையின் காந்தப் பட்டன் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். வாட்சின் துடிப்பை ஒழுங்குபடுத்தும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கடையில் சில நிமிடத்தில் காந்தம் எடுத்துத் தருவார்கள்.

படி 4: சர்வீஸ்

நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று நானும் தள்ளிப்போட்டேன். வாட்சைத் திறந்த அண்ணன் லென்ஸை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு கல்லைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம். எண்ணெய் வற்றிய பிறகும் ஓடியதில், சக்கரத்தின் முனை தேய்ந்து உதிர்ந்த பொடி அது. அந்தச் சக்கரத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

கடைக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள்: "முழுசாகப் பிரித்துக் கழுவித்தானே எண்ணெய் விடுவீங்க?" மேலோட்டமாக எண்ணெய் விட்டால் பழைய அழுக்கோடு சேர்ந்து பசையாகிவிடும். அப்புறம், எச்எம்டி வாட்ச் பிரிவை மூடும் முடிவு 2016-லேயே வந்துவிட்டது. பழைய ஜனதா ஒன்று மலிவாகக் கிடைத்தால், ஓடாவிட்டாலும் வாங்கி உதிரிக்கு வையுங்கள். எனக்குச் சக்கரம் அப்படிப்பட்ட ஒன்றிலிருந்துதான் வந்தது.