மாநிலங்களவையின் ஒரு நாளைத் தடம் புரளாமல் நடத்துவது எப்படி?

மாநிலங்களவையில் தலைவர் இருக்கைக்கு வருகிறவர், மாற்றுத் தலைவர்கள் பட்டியலில் இருந்து ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அமர்கிறவர் உட்பட, முதலில் கற்க வேண்டியது நிமிடக் கணக்கு. விதிப் புத்தகம் அடுத்துதான். அவையில் நடக்கும் சண்டைகளில் பாதி, "எனக்கு நேரம் தரவில்லை" என்பதில்தான் தொடங்குகிறது. யாருக்கு எவ்வளவு நேரம், ஏன் அவ்வளவு என்று அமர்கிறவர் உடனே சொல்ல முடிந்தால் பல சண்டைகள் எழவே எழாது.

அவை காலை 11 மணிக்குக் கூடுகிறது. 1 முதல் 2 வரை உணவு இடைவேளை, மாலை 6 வரை அலுவல். முதல் ஒரு மணி நேரத்தில் ஆவணங்கள் அவையில் வைக்கப்படும், பிறகு உறுப்பினர்கள் அவசரப் பொதுப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரம். கேள்வி நேரம் 12 மணிக்கு. 2014 நவம்பரில் இது 11-லிருந்து மாற்றப்பட்டது. அமர்வதற்கு முன் அலுவல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றைச் சரிபாருங்கள்: ஆவணம் வைக்க வேண்டிய அமைச்சர் வந்திருக்கிறாரா, அவர் இல்லையென்றால் யார் வைக்கிறார், இன்று எந்த மசோதாவுக்குத் திருத்தங்கள் வந்துள்ளன. அமைச்சர் பெயரை அழைத்து, இருக்கை காலியாக இருந்தால் எதிர்வரிசை எழுந்துவிடும். அதை அடக்கவே ஐந்து நிமிடம் போய்விடும்.

நேரமில்லா நேரத்தில் ஒருவருக்கு 3 நிமிடம். நேரம் முடிந்ததும் மைக் தானாக அணைந்துவிடும். 15 பேர் பேசினாலே 45 நிமிடம் ஆகிறது. ஆவணங்களுக்கும் அறிவிப்புகளுக்கும் மிஞ்சுவது கால் மணி நேரம். அதனால் அடுத்துப் பேசுபவரின் பெயரையும் சேர்த்தே அழையுங்கள். அவர் தயாராக நிற்பார், இடையில் அரை நிமிடம் மிச்சமாகும்.

அந்தக் கால் மணி நேரத்தைத் தின்பது பெரும்பாலும் விதி 267. மக்களவையில் இருப்பதுபோல ஒத்திவைப்புத் தீர்மானம் இங்கே கிடையாது. அதனால் அன்றைய அலுவலை நிறுத்திவைத்து அவசரப் பிரச்சினை ஒன்றை எடுக்க விரும்புவோர் இந்த விதியின் கீழ்தான் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு குறித்த விவாதம் இப்படித்தான் தொடங்கியது. நோட்டீஸ் கொடுத்தவர்களின் பெயரையும் பொருளையும் வாசித்து, ஏற்பதா மறுப்பதா என்பதைக் காரணத்தோடு ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். "பார்க்கலாம்" என்று விட்டால் அன்று முழுக்க அதுதான் ஓடும். மறுக்கும்போது வேறு வழியையும் காட்டுங்கள்: விதி 180-இன் கீழ் கவன ஈர்ப்பு, விதி 176-இன் கீழ் குறுகிய கால விவாதம். பேச ஓர் இடம் கிடைக்கும் என்று தெரிந்தால் உறுப்பினர் உட்கார்ந்துவிடுவார்.

கேள்வி நேரத்தில், அமைச்சர் அவையில் வாய்மொழியாக விளக்க வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 15. அறுபது நிமிடத்தில் வகுத்தால் ஒன்றுக்கு 4 நிமிடம்தான். கேள்வி கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள், பிறகு மற்றவர்களுக்கு. இங்கே நேரம் வீணாவது முன்னுரையில். "அமைச்சர் அவர்களின் பதிலை நான் கவனமாகப் படித்தேன்" என்று உறுப்பினர் தொடங்கினால் கேள்வி வர ஒரு நிமிடம் ஆகும். "கேள்வியைக் கேளுங்கள்" என்று முதல் இருபது நொடிக்குள் சொல்ல வேண்டும், ஆளுங்கட்சி உறுப்பினரிடமும் அதே கண்டிப்போடு. அமைச்சரின் நீண்ட பதிலையும் அப்படியே சுருக்கச் சொல்லுங்கள். எழுத்து வடிவ பதில் ஏற்கெனவே அவையில் வைக்கப்பட்டதுதான்.

மசோதா விவாதத்துக்கு அலுவல் ஆய்வுக் குழு நேரம் ஒதுக்கும். அதைக் கட்சிகளுக்கு உறுப்பினர் பலத்தின்படி பிரிப்பது வழக்கம். 4 மணி நேரம் என்றால் 240 நிமிடம், அவையின் மொத்த இடங்கள் 245, ஆக ஆளுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். பத்து உறுப்பினர் உள்ள கட்சிக்குப் பத்து நிமிடம். அந்தக் கட்சியின் முதல் பேச்சாளரே ஒன்பது நிமிடம் பேசிவிட்டால், பட்டியலில் உள்ள இரண்டாமவருக்கு ஒரு நிமிடம்தான் மிஞ்சும், அவர் கோபம் உங்கள் மீது திரும்பும். எனவே ஒருவர் பேசி முடித்ததும் "உங்கள் கட்சிக்கு இன்னும் இத்தனை நிமிடம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இருக்கை மாறும்போது, கட்சிவாரியாக மீதமுள்ள நிமிடங்களை ஒரு தாளில் எழுதி அடுத்தவர் கையில் கொடுங்கள். இந்தச் சிறு தாள் இல்லாமல்தான் பிற்பகல் விவாதங்கள் பல குழம்புகின்றன. புதிய உறுப்பினரின் கன்னிப் பேச்சில் மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டலாம். குறுக்கிடாமல் கேட்பது அவையின் அழகான மரபு.

தமிழில் பேச விரும்புகிறவர் அதை முன்கூட்டியே செயலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2018 முதல் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் உடனடி மொழிபெயர்ப்பு உண்டு என்றாலும், மொழிபெயர்ப்பாளர் அறையில் ஆள் இருந்தால்தானே பயன்?

ஒழுங்குப் பிரச்சினை, அதாவது அவை விதி மீறப்படுகிறது என்று யாராவது எழுந்தால் முதல் கேள்வி: "எந்த விதி?" விதி எண்ணோ அரசமைப்புப் பிரிவோ சொல்ல முடியாவிட்டால் அது ஒழுங்குப் பிரச்சினை அல்ல. சொன்னால், அதன் மீது விவாதம் நடத்தாமல் தீர்ப்பு சொல்லுங்கள். விதி 261-இன் கீழ் அவைக் குறிப்பிலிருந்து சொற்களை நீக்கும்போது எந்தச் சொல் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

கூச்சல் முற்றினால் படிகள் உண்டு. பெயர் சொல்லி எச்சரிப்பது முதல் படி. விதி 255-இன் கீழ் வெளியேறச் சொன்னால் அன்றைய தினத்துக்கு மட்டும். விதி 256-இன் கீழ் இடைநீக்கம் செய்ய, தலைவர் பெயர் குறிப்பிட்ட பிறகு அவை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தலைவர் தனியாக இடைநீக்கம் செய்ய முடியாது. இடைநீக்கத்துக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்திவைத்து, கட்சித் தலைவர்களை அறைக்கு அழைத்துப் பேசுவது நல்லது. அவையில் விட்டுக்கொடுக்க முடியாததை அறையில் விட்டுக்கொடுப்பார்கள்.

வாக்கெடுப்பில்தான் அதிக நிதானம் வேண்டும். குரல் வாக்கெடுப்புக்குப் பின் "ஆம் என்போர் பக்கமே பெரும்பான்மை என்று கருதுகிறேன்" என்று சொல்லி, உண்மையாகவே ஒரு கணம் நிறுத்துங்கள். நின்று, இடப்பக்கமும் வலப்பக்கமும் பாருங்கள். எண்ணி வாக்கெடுக்கும் டிவிஷன் கேட்க உறுப்பினருக்கு இருக்கும் வாய்ப்பு அந்த ஒரு கணம்தான். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது எழுந்த சர்ச்சை இதைப் பற்றியதே: டிவிஷன் கேட்டோம் என்றது எதிர்க்கட்சி, கேட்டவர்கள் இருக்கையில் இல்லை என்றது மறுதரப்பு. மறுநாள் 8 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இருக்கையிலிருந்து ஒரே ஒருவர் கேட்டாலும் டிவிஷன் கொடுத்துவிடுவதே சரி. அதற்குச் சில நிமிடம்தான் ஆகும், முடிவை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். தலைவர் முதலில் வாக்களிப்பதில்லை. சமநிலை வந்தால் மட்டுமே அவர் வாக்கு.

வெள்ளிக்கிழமை என்றால் கடைசி இரண்டரை மணி நேரம், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கோ தீர்மானங்களுக்கோ உரியது. அரசு அலுவல் பாதியில் நின்றாலும் அதற்காக இந்த நேரத்தை விழுங்காதீர்கள்.

மாலையில் 6 மணிக்கு மேல் நீட்டிக்க வேண்டுமென்றால் அவையின் விருப்பத்தை 6 அடிப்பதற்கு முன்பே கேளுங்கள். அந்த நேரத்தில் கோரத்தையும் (quorum), அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 பேர் உள்ளே இருக்க வேண்டும். யாராவது சுட்டிக்காட்டினால் மணியடிக்கச் சொல்லிக் காத்திருங்கள். அப்போதும் எண்ணிக்கை சேராவிட்டால் சிறப்புக் குறிப்புகளை (பொதுப் பிரச்சினைகள் பற்றி உறுப்பினர்கள் சுருக்கமாக எழுப்புபவை) மறுநாளுக்குத் தள்ளி, மீண்டும் கூடும் நேரத்தைத் தெளிவாக அறிவித்துவிட்டு எழுந்திருங்கள்.