பாய்மரப் படகுத் தகவல்: எதை நம்பக் கூடாது, எதைச் சுடக் கூடாது

சென்னையில் கடல் பெரிது, பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் கூட்டம் சின்னது. துறைமுகத்துக்குள் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப், அதற்கு வெகுகாலம் கழித்து வந்த தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷன் என்று விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இந்த விளையாட்டு நடக்கிறது. அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. மகளைப் பயிற்சியில் சேர்க்க நினைக்கும் அப்பா, பழைய படகு மலிவாகக் கிடைக்குமா என்று பார்க்கும் ஐடிக்காரர், தமிழில் வீடியோ போடும் கல்லூரிப் பையன் எல்லோரும் கடைசியில் கூகுளில்தான் போய் நிற்கிறார்கள். அதே நாலைந்து பக்கங்கள், அதே எண்கள், அதே படம். ஒருவர் செய்த தவறை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போடுவதால் அது உண்மை போலவே உலவுகிறது.

தகவல் சரியா என்று பார்க்காதது ஒரு தவறு, அது யாருடையது என்று பார்க்காதது இன்னொரு தவறு என்று பிரித்துச் சொல்வது வழக்கம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. "இதை முதலில் அளந்தது யார், எழுதியது யார், எடுத்தது யார்?" என்று கேட்டால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் வந்துவிடும். யாரும் கேட்பதில்லை, அதுதான் சிக்கல்.

நீளம் என்றால் எந்த நீளம்?

2017-18இல் இந்தியக் கடற்படைப் பெண் அதிகாரிகள் ஆறு பேர் உலகைச் சுற்றி வந்த தாரிணி படகை எடுத்துக்கொள்ளுங்கள். சில செய்திகளில் 55 அடி, சிலவற்றில் 56 அடி. இதில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. படகின் நீளத்தை உடலின் மூக்கு முதல் வால் வரை அளக்கலாம், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையையும் சேர்த்து அளக்கலாம், தண்ணீரைத் தொடும் கோட்டில் மட்டும் அளக்கலாம். அதன்பிறகு மீட்டரை அடியாக்கி முழு எண்ணுக்கு நகர்த்தும் வேலை வேறு. நாம் செய்யும் தவறு, எந்த நீளம் என்ற தலைப்பைக் கத்தரித்துவிட்டு எண்ணை மட்டும் எடுப்பது.

ஓர் அடியில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். வேகக் கணக்குப் போடும்போது தெரியும். நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் படகின் அதிகபட்ச வேகம் நாட் கணக்கில் வரும் என்றொரு சூத்திரம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. 25 அடிக்கு 6.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12.4 கி.மீ. தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் கனமான படகுக்கு இது ஓரளவு பொருந்தும். சென்னையின் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற 49இஆர் என்ற எடை குறைந்த படகுக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 5.4 நாட் என்று வரும். அந்தப் படகோ நல்ல காற்றில் தண்ணீர்மேல் எழும்பி 15 நாட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சூத்திரம் தப்பில்லை. அதை எந்தப் படகுக்குச் சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டு எடுத்ததுதான் தப்பு.

பெயரிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நம் சென்னையின் நேத்ரா குமணன். டோக்கியோவில் அவர் ஓட்டியது லேசர் ரேடியல், பாரிசில் ஐஎல்சிஏ 6 என்று போட்டிருக்கும். படகை மாற்றிவிட்டார் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாறியது பெயர்தான். வணிக முத்திரைத் தகராறு ஒன்றால் 2019இல் அந்த வகைப் படகுக்கு ஐஎல்சிஏ என்று பெயர் வந்தது. உடல் ஒன்றே, பாயும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியும் மட்டும் வேறு: ஐஎல்சிஏ 7க்கு 7.06 சதுர மீட்டர் பாய், 6க்கு 5.76, 4க்கு 4.7. "லேசர் படகின் பாய் 7.06" என்று பொத்தாம்பொதுவாகப் போட்ட பக்கத்தை நம்பி, பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பழைய பாய் வாங்கினால் பணம் வீண். இந்த மாதிரி விஷயத்தில் அந்தந்தப் படகு வகைக்கான சங்கம் வெளியிடும் விதிமுறையே போதும். அளவு, எடை, எந்த ஆண்டு எது மாறியது, எல்லாம் அதில் இருக்கும். இலவசம்தான், ஆனால் படிக்கச் சலிப்பாக இருக்கும் என்பதால் யாரும் திறப்பதில்லை.

காற்றும் அலகும்

எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான், ஏனென்றால் இதில் தப்பு நடந்தால் நனைவது காகிதம் இல்லை, ஆள். வெளிநாட்டுப் படகுக் கையேடுகள் காற்றை நாட் கணக்கில் சொல்லும். நம் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை "மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில், இடையிடையே 65 கி.மீ. வரை" என்று வரும். கைபேசி ஆப்போ சில சமயம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று காட்டும். ஆக "20" என்ற ஒரே எண் மூன்று விதமான காற்று. மணிக்கு 20 கி.மீ. என்றால் 10.8 நாட், சுகமான காற்று. 20 நாட் என்றால் மணிக்கு 37 கி.மீ., புதிதாகக் கற்பவர் கரையில் இருப்பது நல்லது. நொடிக்கு 20 மீட்டர் என்றால் 39 நாட். அன்றைக்குக் கடலில் யாருக்கும் வேலை இல்லை. வேகம் இரட்டித்தால் பாயில் விழும் விசை நான்கு மடங்காகும் என்பதால் இந்த வித்தியாசம் வெறும் கணக்கோடு நிற்பதில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் அலகைக் காட்டும் மூலை வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எரிபொருளையும் தண்ணீரையும் அளக்கும் காலன் கணக்கும் அப்படித்தான். அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். டன் விஷயத்தில், பெரிய கப்பல்களுக்குச் சொல்லும் மொத்த டன்னேஜ் உள்ளிடத்தைக் குறிப்பது, எடையே இல்லை. படகு தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று ஓர் எண் இருந்தால், படகின் அடியில் ஏற்றி இறக்கும் நடுப்பலகையை இறக்கியா ஏற்றியா அளந்தார்கள் என்று பாருங்கள். மணல் திட்டு உள்ள முட்டுக்காடு போன்ற இடத்தில் அந்த வித்தியாசம் படகை உட்கார வைத்துவிடும்.

ஒற்றை எண்ணில் பாதுகாப்பு

இங்கிலாந்தில் தொடங்கும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில், 1979இல், புயலில் சிக்கி 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அதன்பிறகு வந்ததுதான் கவிழும் அபாயத்தைக் கணிக்கும் சூத்திரம்: படகின் அகலத்தையும் எடையையும் கொடுத்தால் ஓர் எண் வரும், 2க்குக் கீழே இருந்தால் ஆழ்கடலுக்கு ஏற்றது என்பார்கள். பழைய படகு விளம்பரங்களில் இதைப் பெருமையாகப் போடுகிறார்கள். ஆனால் சூத்திரம் கேட்பது அகலமும் எடையும் மட்டுமே. எடை எங்கே இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. அரை டன் ஈயத்தைப் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கீலில் வைத்தாலும் பாய்மர உச்சியில் கட்டினாலும் அதே விடைதான்! முதல் வடிகட்டலுக்கு உதவும், வாங்கும் முடிவுக்கு உதவாது.

விளம்பரத்தில் இன்னொன்றும் நடக்கும். விற்பவர் தன் படகை அளப்பதில்லை. அதே மாடலின் ப்ரோஷரில் இருப்பதைப் போடுவார், படத்தையும் அங்கிருந்தே எடுப்பார். அந்த ப்ரோஷர் வேறு ஆண்டுக்கோ வேறு கீல் உள்ள வகைக்கோ உரியதாக இருக்கலாம். படத்தையே கொடுத்து அது வேறெங்கே இருக்கிறது என்று தேடும் தலைகீழ்த் தேடலில் போட்டால் அது வேறு நாட்டுத் துறையில் நிற்பது தெரியவரும். அப்புறம், தயாரிப்பு அடையாள எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அநேகப் படகுகளில் பின்பலகையின் வலது பக்கம் பொறித்திருக்கும், அதன் கடைசி இலக்கங்களிலேயே மாடல் ஆண்டு தெரியும். அந்தப் படத்தை அனுப்பத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

நம்பலாம், ஆனால் எடுக்கலாமா?

இனி அடுத்த பாதி. எண்ணுக்குப் பதிப்புரிமை கிடையாது. 7.06 சதுர மீட்டர் என்பது வெறும் உண்மை, யாரும் எழுதலாம். அந்த எண்ணைச் சுற்றி ஒருவர் எழுதிய வர்ணனை அவருடையது. இருநூறு படகுகளைத் தேர்ந்து, தன் கணிப்பில் வகை பிரித்து ஒருவர் போட்ட அட்டவணையை அப்படியே இறக்கினாலும் சிக்கல்தான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் அட்டவணையும் கணினித் தரவுத்தளமும் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் வருகின்றன. வெறும் உழைப்பு போதாது, கொஞ்சமாவது படைப்புத்திறன் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே அட்டவணையில் இருந்து ஓர் எண்ணை எடுத்துச் சரிபார்த்து உங்கள் வரியில் எழுதுவது வேறு, பக்கத்தையே காப்பி அடிப்பது வேறு.

படங்களில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். "நன்றி: கூகுள்" என்று போடுவதால் எதுவும் ஆகாது, கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை. எடுத்தவர் பெயரையே போட்டாலும் அது நன்றிதானே தவிர அனுமதி இல்லை. பதிப்புரிமைக் குறி இல்லாததாலும் பதிவு செய்யாததாலும் படம் பொதுச்சொத்து ஆகிவிடாது. எடுத்த கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டுப் போடுவது இன்னும் மோசம். படைத்தவர் பெயர் முதலான உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவதை 2012 திருத்தம் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. விக்கிமீடியா படங்களைத் தாராளமாக எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் தனித்தனி. எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், அதற்கான இணைப்பு ஆகியவை பெரும்பாலும் வேண்டும். வேறு தளத்தில் எடுத்த படத்தின் உரிமத்தில் வணிகப் பயன்பாடு கூடாது என்று இருந்தால், விளம்பரம் ஓடும் யூடியூப் சேனலில் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

நம் ஊர் நிகழ்ச்சிப் படங்களிலும் ஒரு நுணுக்கம். பயிற்சி மையம் காசு கொடுத்துப் புகைப்படக்காரரை வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை மையத்துக்கு. நண்பர் சும்மா எடுத்துக் கொடுத்தால் உரிமை நண்பருக்கே. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார் என்பதற்காக அது நம் படம் ஆகாது.

படகு கட்டும் வரைபடங்கள் டெலிகிராமில் பிடிஎஃப்பாகச் சுற்றுகின்றன. வரைபடம் கலைப்படைப்பு. தாளில் உள்ளதை முப்பரிமாணத்தில் உருவாக்குவதும் நகலெடுப்பதாகவே சட்டம் பார்க்கிறது. காசு கொடுத்து வாங்கினாலும் பெரும்பாலும் ஒரு படகு கட்டத்தான் அனுமதி. தொழில்முறையில் 50க்கு மேல் தயாரித்தால் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் குறுக்கே வரும், அது வக்கீலிடம் விட வேண்டிய சங்கதி. என்னைக் கேட்டால், சட்டத்தைவிட இங்கே உயிர்தான் முக்கியம். திருட்டு பிடிஎஃப்பில் வடிவமைப்பாளர் பிறகு வெளியிட்ட திருத்தங்கள் இருக்காது. கீல் போல்ட்டின் தடிமன் மாறியிருந்தால் அதைச் சொல்ல ஆள் இருக்காது.

இலவசமாக எதுவுமே இல்லையா? இருக்கிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பயனுள்ளது. கட்டுமரம், மசூலா படகு பற்றி எழுதுகிறவர்கள் வாட்ஸ்அப் ஃபார்வர்டை விட்டுவிட்டு அங்கே போகலாம். அவர் 1949இல் இறந்தார். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள், ஆக 2009 முடிவோடு உரிமை முடிந்தது. ஆனால் அதை வைத்து இன்று ஒருவர் செய்த மொழிபெயர்ப்புக்கும் புதிதாக வரைந்த படத்துக்கும் உரிமை தனி.

காலாவதியானதை இலவசமாக எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு மதராஸ் கடற்கரை வரைபடம் தாராளமாகக் கிடைக்கும், யார் அனுமதியும் வேண்டாம். அதில் உள்ள கரை இன்று அங்கே இல்லை. துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது, எண்ணூர்த் துறைமுகமே 2001இல் வந்ததுதான். கட்டுரைக்கு அழகு சேர்க்க அது போதும், படகு ஓட்ட உதவாது. ஓட்டுவதற்கான வரைபடத்தை டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடுகிறது. அதற்குப் பதிப்புரிமை உண்டு. அமெரிக்க அரசின் கடல் வரைபடங்கள் பொதுச்சொத்து என்பதைப் படித்துவிட்டு நம்முடையதும் அப்படித்தான் என்று நினைப்பது தவறு. இந்தியாவில் அரசுப் படைப்புகளுக்கும் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை இருக்கிறது.

வேண்டிய படம் இன்னொருவருடையது என்றால் கேட்டுவிடுங்கள். எந்தப் படம், எங்கே போடப்போகிறீர்கள், காசு வருமா வராதா என்று மூன்று வரியில் மெயில் அனுப்பினால் போதும், சம்மதத்தையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அது சம்மதம் இல்லை, நாமே போய் எடுக்க வேண்டியதுதான். யாட்ச் கிளப் பக்கம் போவதாக இருந்தால் ஒன்று: அது துறைமுகப் பாதுகாப்பு எல்லைக்குள் இருக்கிறது, கேமராவை வெளியே எடுக்கும் முன் அங்கேயும் அனுமதி கேட்க வேண்டும்.